கலவை செய்யாத கலப்பிசை: ருத்ரேஷ் மஹந்தப்பாவின் ஆல்பங்கள்

கிழக்கும் மேற்கும் கலந்த இசை என்று யாராவது ஒரு ஆல்பத்தை நீட்டினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். கோலாலம்பூரில் வளர்ந்தவனுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெர்டேக்கா சுதந்திர தின நிகழ்ச்சியோ, சுற்றுலா விளம்பரமோ, ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்தோ, எதை எடுத்தாலும் மேடையில் ஒரு தபேலா, ஒரு சீன எர்ஹு, ஒரு மலாய் கொம்பாங் இருக்கும், மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் மெதுவாக வாசிக்கும், பின்னால் கீபோர்டில் ஒருவர் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். வாசிப்பவர்கள் எல்லாரும் வல்லவர்கள்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மேடையில் ஒருவரும் தனக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட வாசிப்பதில்லை. அடுத்தவருக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கிற இசை அது. எல்லாருக்கும் நல்லபிள்ளை.

ருத்ரேஷ் மஹந்தப்பாவின் ஆல்பங்களை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம், அவர் இந்த நல்லபிள்ளை வேலையைச் செய்வதே இல்லை என்பதுதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆல்டோ சாக்ஸபோன்காரர், சொந்தமாக இசை எழுதிக் குழு நடத்துபவர். 1971-இல் இத்தாலியின் ட்ரியெஸ்தேயில் பிறந்தவர், வளர்ந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டரில். அப்பா கர்நாடகத்திலிருந்து போன இயற்பியல் பேராசிரியர். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து, சிகாகோவில் சில காலம் இருந்து, அப்புறம் நியூயார்க் போனார். 2016 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையை நடத்துகிறார். டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஆல்டோ பிரிவில் பல ஆண்டுகள் முதலிடம் வாங்கியவர். இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் மத்தியில் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் "யாரு?" என்றுதான் கேட்பார்கள்.

கத்ரி கோபால்நாத் என்று சொன்னால் நிலைமை வேறு. 1994-இல் பாலசந்தரின் 'டூயட்' வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அந்த சாக்ஸபோனைக் கேட்காத தமிழ் வீடு இங்கேயும் இருந்திருக்காது. திரையில் பிரபு, காற்று மட்டும் கத்ரியுடையது. அதற்கப்புறம் நம் ஊர்க் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சாக்ஸபோன் வந்து நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் கத்ரியின் கதை சினிமாவுக்கு ரொம்ப முந்தையது. தென் கன்னட மாவட்டத்தில் நாகஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, கர்நாடக இசைக்கு ஒத்தே வராது என்று எல்லாரும் சொன்ன வாத்தியத்தில் பல வருடம் மல்லுக்கட்டி அதை வசப்படுத்தியவர். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம். 1980-இல் பம்பாயின் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டியோடு வாசித்தார். 1994-இல் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் இசை விழா மேடை ஏறினார். 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

இவர் ருத்ரேஷுக்கு எப்படி அறிமுகமானார் என்பது வேடிக்கை. ருத்ரேஷ் மாணவராக இருந்தபோது அவருடைய அண்ணன் கிண்டலுக்கு ஒரு பரிசு கொடுக்கிறார்: 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்' என்று பெயர் போட்ட ஒரு ஆல்பம். கேட்டுச் சிரிப்பதற்காகக் கொடுத்தது, உள்ளே இருந்தது கத்ரி. தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆல்பத்திலிருந்து 2008-இல் பை ரெக்கார்டிங்ஸ் வெளியிட்ட 'கின்ஸ்மென்' வரைக்கும் வருவதற்கு அவருக்குப் பல வருடம் பிடித்தது. அந்தப் பல வருடம் முக்கியம். கத்ரியைக் கேட்ட மறுநாளே நாலு கமகத்தை, அந்த ஸ்வர அசைவுகளை, ஒட்டிக்கொண்டு மேடையேறவில்லை மனுஷன். முதலில் ஜாஸ்காரராக முழுசாக ஆனார். பிறகுதான் கத்ரி பக்கத்தில் போய் நின்றார்.

'கின்ஸ்மென்' கேட்கும்போது அது தெரிகிறது. குழுவின் பெயர் தக்ஷிணா என்சாம்பிள். கத்ரி, வயலினில் ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜி ஒரு பக்கம். ருத்ரேஷ், கிதாரில் கராச்சியில் பிறந்த ரெஸ் அப்பாஸி, பேஸில் கார்லோ டி ரோசா, ட்ரம்ஸில் ராயல் ஹார்ட்டிகன் மறுபக்கம். இங்கே ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. கர்நாடக இசைக்காரர் ஆதார ஷட்ஜத்தை, அந்த அடிப்படை 'ச'-வை, விட்டு நகரமாட்டார். ஸ்ருதி ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற எல்லா ஸ்வரமும் அதைப் பார்த்துத்தான் நிற்கும். ஜாஸ்காரருக்கோ நகர்வதுதான் பிழைப்பு. கார்டு மாற மாற வீட்டு முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கலப்பிசை இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்றால், ஜாஸ்காரரை நகரவிடாமல் கட்டிப்போடுகிறது, கர்நாடகக்காரரிடம் "சும்மா ஒரு ஆலாபனை போடுங்க சார்" என்கிறது. முடிந்தது கதை. இருவரும் தங்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்குகிறார்கள்.

'கின்ஸ்மென்'-இல் யாரும் எதையும் கீழே வைப்பதில்லை. 'கணேஷா' என்ற உருப்படியைக் கேளுங்கள். இரண்டு ஆல்டோக்களும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும்போதே எது யார் என்று தெரிந்துவிடும். கத்ரியின் ஸ்வரம் நேராக வந்து உட்காராது, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு, வழுக்கி, உயிரெழுத்து நீள்கிற மாதிரி வரும். ருத்ரேஷ் ஒவ்வொரு ஸ்வரத்தையும் முனையில் கூர்தீட்டிப் போடுகிறார். கத்ரி தனியாக வாசிக்கும்போது அவர் சபாவில் எப்படி வாசிப்பாரோ அப்படியே வாசிக்கிறார். ஜாஸ் மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஒரு பிரயோகம்கூட அதிகப்படியாக இல்லை. அடுத்து ருத்ரேஷ் வரும்போது அவரும் ராகத்துக்குப் பயந்து ஒடுங்கவில்லை, தான் பழகிய வேகத்தில், தான் பழகிய கோணலோடு பாய்கிறார். 'கல்யாணி' என்று பெயர் வைத்த உருப்படியிலும் இதே கதைதான். அப்பாஸியின் கிதார் கார்டுகளைக் குவித்து இடத்தை அடைக்காமல் விலகி நிற்கிறது, அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் மொத்தமும் சேறாகியிருக்கும். கன்யாகுமரியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இரண்டு காற்று வாத்தியங்களுக்கு நடுவே அந்த வயலின் ஒரு தடவைகூட அலங்காரப் பொருளாகப் போவதில்லை.

இதை ஒருமுறை கிள்ளானில் ஒரு கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கும் அண்ணன் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்து வாசிக்கிறவர். உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தியபிறகு, கொட்டகையில் உட்கார்ந்து, கையடக்க ஸ்பீக்கரில். ரெண்டு ஸ்வரம் வருவதற்குள் "கத்ரி ஐயா" என்றார். ருத்ரேஷ் ஆரம்பித்ததும் புருவம் தூக்கினார். "இது யாரு தம்பி? துத்துகாரம் பலமா இருக்கே" என்று கேட்டார். நாக்கால் ஸ்வரத்தை வெட்டுவதைத்தான் அவர்கள் தொழிலில் அப்படிச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். "தாளம் எங்கேயும் போகலை. ஆனா ஆளு எங்க நிக்கிறாருன்னுதான் தெரியலை. சட்ஜத்தை எங்க வச்சிருக்காரு?" எனக்குத் தெரிந்து ஜாஸ் பற்றி எந்த விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. "பிடிக்குதாண்ணே?" என்றேன். "மிருதங்கக்காரர் ரொம்ப நிதானம்" என்றார். ருத்ரேஷைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த உருப்படியை மறுபடி போடச் சொன்னார்.

சரி, 'கின்ஸ்மென்'-க்கு நாலு வருடம் முன்னால் போவோம். 2004-இல் வந்த 'மதர் டங்'. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளிடம் வெள்ளைக்காரர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீ இந்தியன் பேசுவாயா?" சிலர் "ஹிந்து பேசுவாயா?" என்றும் கேட்பார்களாம். ருத்ரேஷ் என்ன செய்தார் என்றால், பல இந்திய அமெரிக்கர்களிடம் இதே கேள்வியைப் போட்டு, அவரவர் வீட்டு மொழியில் பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே ஸ்வரமாக எழுதினார். அதிலிருந்து உருப்படிகள்: 'கன்னடா', 'குஜராத்தி', 'தெலுகு', 'கொங்கணி', 'மலையாளம்', 'தமிழ்'. ஆமாம், 'தமிழ்' என்றே ஒரு உருப்படி.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. அலுவலகத்தில் பல வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்த நண்பரே "உன் அம்மா பாசா இந்தியாவா பேசுவாங்க?" என்று கேட்டிருக்கிறார் (பாசா என்றால் மலாயில் மொழி), ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல். அதனால் இந்த ஆல்பத்தின் எண்ணம் எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. ஆனால் கேட்கும்போது ஒன்று புரிந்தது: 'தமிழ்' என்ற உருப்படியில் எனக்குத் தமிழ் கேட்கவில்லை, தேடினாலும் கிடைக்கவில்லை. அதற்காக இவர் ஒரு ஆனந்தபைரவி ராகத்தைத் தூவியிருந்தால் நான் உடனே தலையாட்டியிருப்பேன், ஆல்பம் அங்கேயே செத்திருக்கும். பேச்சின் வளைவு உள்ளே எலும்பாக மட்டும் இருக்கிறது, மேலே இருப்பது சுத்தமான நியூயார்க் குவார்ட்டட், நால்வர் குழு: ஆல்டோவோடு பியானோவில் விஜய் ஐயர், பேஸில் பிரான்ஸ்வா முத்தான், ட்ரம்ஸில் எலியட் ஹம்பெர்ட்டோ கவீ. விஜய் ஐயரும் 1971-இல் பிறந்தவர்தான், அமெரிக்கா போன தமிழ்ப் பெற்றோரின் மகன். இவர்கள் இருவரும் மட்டும் வாசித்த 'ரா மெட்டீரியல்ஸ்' 2006-இல் வந்தது. பேஸும் ட்ரம்ஸும் இல்லாமல் வெறும் பியானோவும் ஆல்டோவும். இரவில் கேட்க அது நல்லது.

'கோட்புக்' (2006) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கேத எழுத்துக்கலையை வைத்து எழுதிய ஆல்பம், ஒரு உருப்படியில் மோர்ஸ் தந்தியின் புள்ளியும் கோடும் தாளமாகிறது. வாசிப்பு அபாரம், ட்ரம்ஸில் டேன் வைஸ். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, பாசம் கிடையாது. இயற்பியல் வாத்தியார் மகன் எழுதிய கணக்கு என்று நண்பன் ஒருவன் சொன்னான், அதை நான் மறுக்கவில்லை.

2007-இல் அவருக்குக் கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் தரும் குகன்ஹைம் நிதி கிடைத்தது, கர்நாடக இசையைக் கிட்டத்தில் இருந்து படித்தார். அதன் பலன் 2011-இல் ஆக்ட் நிறுவனம் வெளியிட்ட 'சம்தி'. எலெக்ட்ரிக் கிதார், எலெக்ட்ரிக் பேஸ், மடிக்கணினி, கூடவே மிருதங்கத்தில் அனந்தா கிருஷ்ணன், பாலக்காடு ரகுவின் பேரன், சிஷ்யர். ட்ரம்ஸும் தோல் வாத்தியமும் மோதிக்கொள்ளும் இடங்கள் மட்டும் எனக்குப் போதும். மீதி ஆல்பத்தில் படித்ததையெல்லாம் ஒரே தாளில் எழுதிவிடத் துடிக்கிற அவசரம் இருக்கிறது. ரெண்டு வருடம் கழித்து வந்த 'கமக்'-இல் அந்த அவசரம் அடங்கிவிட்டது. காரணம், பக்கத்தில் டேவிட் ஃபியூசின்ஸ்கி. ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, இல்லாத கிதார் வைத்திருப்பவர், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விரலை வைக்கலாம் அவருக்கு. சாக்ஸபோனில் கமகம் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்: சாவியை அழுத்தினால் குறிப்பிட்ட ஸ்வரம், அவ்வளவுதான், மீதியை உதட்டின் இறுக்கத்தாலும் பாதி திறந்த சாவியாலும்தான் சமாளிக்க வேண்டும். அதில் ருத்ரேஷ் 'ஆபோகி' என்று ஒரு உருப்படி வைத்திருக்கிறார். கர்நாடக ராகத்தின் பெயர்தான், ஆனால் நம் கச்சேரி ஆபோகியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். போனால் ஃபியூசின்ஸ்கி உங்களைப் பயமுறுத்திவிடுவார்.

இடையில் இண்டோ-பாக் கோயலிஷன் என்ற மூவர் குழு: ருத்ரேஷ், அப்பாஸி, டேன் வைஸ். 'ஆப்தி' (2008) ஆல்பத்தில் வைஸ் தபேலா வாசிக்கிறார். 'அக்ரிமா' (2017) ருத்ரேஷ் சொந்தமாகவே வெளியிட்டது, அதில் ட்ரம்ஸும் சேர்ந்துகொள்கிறது. முதலாவதைவிட இரண்டாவது ரொம்பத் தசைப்பிடிப்பானது. 2010-இல் வந்த 'ஏபெக்ஸ்'-ஐயும் விடக்கூடாது. தன்னைவிட முப்பது வயதுக்குமேல் மூத்த பங்க்கி கிரீன் என்ற ஆல்டோக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வாசித்தது. கத்ரியிடம் காட்டிய அதே மரியாதை, அதே விட்டுக்கொடுக்காமை. இன்னொரு ஆல்டோ எதிரே நிற்கும்போதுதான் இவர் நன்றாக வாசிக்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

அந்த இன்னொரு ஆல்டோ உயிரோடு இல்லாவிட்டாலும் சரி. 2015-இல் வந்த 'பேர்ட் கால்ஸ்' அதற்கு ஆதாரம், என் கணக்கில் அவருடைய ஆல்பங்களில் இதுதான் சிறந்தது. பேர்ட் என்பது சார்லி பார்க்கரின் செல்லப் பெயர்; 1920-இல் பிறந்து 1955-இல் போய்ச் சேர்ந்தவர், அதற்குள் ஆல்டோ சாக்ஸபோன் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையே மாற்றி எழுதியவர். பார்க்கருக்கு அஞ்சலி என்று வெளிவரும் ஆல்பங்களுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலும் அவருடைய உருப்படிகளையே கொஞ்சம் வேகமாக வாசித்து வைப்பார்கள். இந்த ஆல்பத்தில் பார்க்கரின் ஒரு உருப்படிகூட அப்படியே வராது. எல்லாம் ருத்ரேஷ் எழுதியவை, ஆனால் ஒவ்வொன்றும் பார்க்கரின் ஏதோ ஒன்றிலிருந்து பிறந்தது. ஒரு மெட்டின் ஸ்வர வரிசையை வைத்துக்கொண்டு தாளத்தைக் கழற்றிவிடுவது, அல்லது தாளத்தை வைத்துக்கொண்டு ஸ்வரத்தை மாற்றுவது. ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவலைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சுலபமாகப் பிடிபடும். வரி நிற்கும் இடத்தில் நிற்கிறது, மேலே சங்கதி எங்கெங்கோ போய் வருகிறது. பார்க்கரின் தலைமுறையே இதைச் செய்ததுதான், பழைய பாட்டின் கார்டுகளை வைத்துக்கொண்டு மேலே புது மெட்டு. கெர்ஷ்வினின் ஒரு பாட்டின் கார்டுகள் மேல்தான் பார்க்கரின் 'ஆந்த்ரோபாலஜி' நிற்கிறது. அதை வாங்கி ருத்ரேஷ் இன்னொரு மாடி கட்டுகிறார்.

பெயர்களில் குறும்பு உண்டு. 'டோனா லீ'-யிலிருந்து வந்தது 'ஆன் த டி.எல்.'. 'ஸ்டீபிள்சேஸ்'-லிருந்து வந்தது 'கோபுரம்'. 'டெக்ஸ்டெரிட்டி'-யிலிருந்து 'போத் ஹேண்ட்ஸ்', இதைக் கேட்கும்போது மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்று தேடுவீர்கள். 'பார்க்கர்ஸ் மூட்' என்ற பழைய ப்ளூஸ், ருத்ரேஷின் மகன் பெயரில் 'டாலின் இஸ் திங்கிங்' ஆகி, தாளத்தின் பிடி தளர்ந்து, கிட்டத்தட்ட ஆலாபனைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. மிருதங்கம் இல்லை, தபேலா இல்லை, ராகப் பெயர் இல்லை, ஆனால் 'சம்தி'-யைவிட இதில்தான் கர்நாடக இசை எனக்கு நிறையக் கேட்கிறது. விரலுக்குள் போய்விட்டது, இனி தனியாகக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. டிரம்பெட்டில் ஆடம் ஓ'ஃபாரில், அப்போது இருபது வயதுதான். அந்தப் பையனின் தாத்தா சீக்கோ ஓ'ஃபாரில் 1950-இல் எழுதிய ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் ஸ்வீட் பதிவில் பார்க்கரே வாசித்திருக்கிறார். பியானோவில் மேட் மிச்சல், பேஸில் அதே முத்தான், ட்ரம்ஸில் ரூடி ராய்ஸ்டன்.

அதில் முத்தானையும் ராய்ஸ்டனையும் மட்டும் வைத்துக்கொண்டு 2020-இல் 'ஹீரோ ட்ரியோ'. தன் சொந்த உருப்படி ஒன்றுகூட இல்லாமல் அவர் போட்ட முதல் ஆல்பம். ஜாஸ் சாக்ஸபோன் முன்னோர்களான பார்க்கர், கோல்ட்ரேன், ஆர்னெட் கோல்மன், நடுவில் ஸ்டீவி வொண்டர், ஜானி கேஷ். பியானோவோ கிதாரோ இல்லாததால் கார்டு போட ஆளில்லை. மூன்று பேரும் தப்பிக்க இடமில்லாமல் வாசிக்கிறார்கள். ஜானி கேஷின் 'ரிங் ஆஃப் ஃபயர்' ஆரம்பித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கிண்டலாக இல்லை, அவ்வளவு உற்சாகம் அதில்.

இந்த மாதிரி இசைக்கு நம் ஊரில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. புக்கிட் பிந்தாங் பக்கம் ஜாலான் மெசுயியில் நோ பிளாக் டை பல வருடமாக ஜாஸ் நடத்துகிறது, பினாங்கில் 2004-இல் தொடங்கிய தீவு ஜாஸ் விழா பத்து பெரிங்கிக் கடற்கரையில் கூட்டம் சேர்த்தது, லூயிஸ் பிரகாசம் ஏசியாபீட் குழுவை வைத்துக்கொண்டு ட்ரம்ஸில் இந்தப் பாதையை எப்போதோ நடந்து பார்த்தவர். இடம் இருக்கிறது. ஆனால் ஜாஸ் கேட்க வருகிற கூட்டத்தில் நாகஸ்வரம் கேட்கிறவர்கள் குறைவு, கோயிலுக்கு வருகிறவர்கள் ஜாஸ் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ரெண்டு பக்கமும் போய்வருகிற நாலு பேர் எப்போதும் ஓரத்து மேசையில்தான் உட்கார்ந்திருப்போம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: கர்நாடக இசை கேட்டுப் பழகியவர் என்றால் 'கின்ஸ்மென்', அதிலும் முதலில் 'கணேஷா'. ராக் கேட்பவர் என்றால் 'கமக்'. ஜாஸ் ஏற்கெனவே தெரியும் என்றால் நேராக 'பேர்ட் கால்ஸ்', ஆனால் அதற்கு முன்னால் பார்க்கரின் மூல உருப்படிகளை ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால் குறும்பு முழுசாகப் புரியும். 'மதர் டங்' அதற்கப்புறம். 'கோட்புக்'-ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், காரில் மட்டும் போடாதீர்கள். ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் தாளம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார்.